சொல்வன்மை படிக்க ஆசையா? பக்கத்து பெஞ்சு நோட்டை வாங்கிப் படியுங்கள்

கல்லூரி முதல் வருடத்தில் நான் எழுதிய கட்டுரை ஒன்றின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் 'இன்னும் அழுத்தமாக எழுதவும்' என்று குறித்துக் கொடுத்தார். பேனாவை அழுத்தச் சொல்லவில்லை என்ற அளவுக்குப் புரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை. எதை அழுத்துவது? எந்த இடத்தில்? யாருக்காக? அடுத்த கட்டுரையில் ஆச்சரியக்குறிகளைக் கூட்டிப் பார்த்தேன். மதிப்பெண் கூடவில்லை.

அதே வருடம் பக்கத்து பெஞ்சில் இருந்தவன் பேச்சுப்போட்டிக்கு எழுதிய நோட்டை என் கையில் திணித்து, "படிச்சுப் பாருடா" என்றான். முதல் பக்கம் விறுவிறுவென்று போனது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் எனக்குக் கொட்டாவி வந்தது. அன்றைக்கு வேறு வேலை இல்லாததால், ஏன் சரியாக இந்த இடத்தில் கொட்டாவி வருகிறது என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற ஒரே கருத்தைத் தாய், தங்கம், ரத்தம் என்று மூன்று உவமைகளில் அடுத்தடுத்துச் சொல்லியிருந்தான். முதல் உவமைக்குத் தலையாட்டிய மனம் மூன்றாவதில் எழுந்து வெளியே போய்விட்டது. அவனிடம் சொன்னேன். அப்புறம் வீட்டுக்கு வந்து என் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால், அங்கேயும் உவமைகள் மூன்று மூன்றாகக் கைகோத்து நிற்கின்றன. எத்தனையோ முறை படித்துப் பார்த்தும் என் எழுத்தில் கண்ணில் படாத ஒன்று, அவன் எழுத்தில் பட்ட பிறகுதான் பட்டது.

சொல்வன்மையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அந்தக் கொட்டாவிதான். இப்போது சனிக்கிழமைகளில் பத்துப் பேருக்கு எழுத்துப் பயிற்சி நடத்துகிறேன். பாடத்திட்டம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படிக்கிறார்கள், படித்தபோது என்ன ஆயிற்று என்று சொல்கிறார்கள். இதில் எப்படிச் சொல்வன்மை வரும் என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பேசுவதற்கு முன் பார்ப்பது

கிரேக்கர்கள் ரெட்டரிக் என்று பெயர் வைத்த கலைக்குத் தமிழில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்: நாவன்மை, பேச்சுக்கலை, சொல்லாட்சி, அணியிலக்கணம். நான் திருக்குறள் அதிகாரத் தலைப்பு ஒன்றையே கடன் வாங்கிச் சொல்வன்மை என்கிறேன். எந்தப் பெயரைச் சொன்னாலும் நம் மனத்தில் முதலில் வந்து நிற்பது மேடை, மைக், அடுக்குமொழி, கைதட்டல். இல்லையென்றால் தண்டியலங்காரம் போல அணிகளின் பட்டியல். இவை எல்லாம் இந்தக் கலைக்குள் உண்டு. ஆனால் வீடு இன்னும் பெரியது. ரோமானியர்கள் அதை ஐந்து அறைகளாகப் பிரித்தார்கள். சொல்ல வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒன்று, அதை வரிசைப்படுத்துவது இரண்டு, அதற்கேற்ற நடை மூன்று, நினைவில் இருத்துவது நான்கு, சபையில் நிகழ்த்திக் காட்டுவது ஐந்து. உவமையும் எதுகையும் குடியிருப்பது மூன்றாவது அறையில் மட்டும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் கொடுத்த வரையறைதான் எனக்கு இன்றைக்கும் பிடித்தது. எந்த விஷயத்தை எடுத்துக்கொண்டாலும், அதில் பிறரை இணங்க வைப்பதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பார்க்கத் தெரிவதுதான் இந்தக் கலை என்றார். பேசத் தெரிவது என்று சொல்லவில்லை, பார்க்கத் தெரிவது என்றார். முதல் தடவை இதைப் படித்தபோது நான் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டேன். பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

அவர் பார்க்கச் சொன்ன வழிகள் மூன்று. பேசுகிறவர் மேல் நமக்கு வரும் நம்பிக்கை, அதற்கு ஈதோஸ் என்று பெயர். கேட்கிறவர் அந்த நேரத்தில் இருக்கும் மனநிலை, அது பாத்தோஸ். சொல்லப்படும் காரணத்தில் உள்ள நியாயம், அது லோகோஸ். இந்த மூன்று சொற்களையும் மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஓர் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வரியில் எனக்கு இவர் மேல் நம்பிக்கை ஏறியது, இந்த வரியில் இறங்கியது என்று பார்க்கப் பழகுவதற்குத்தான் நாள் பிடிக்கும்.

சரி, எந்த எழுத்தை வைத்துப் பழகுவது? பெரிய எழுத்தாளர்களைப் படி என்பார்கள். படிக்க வேண்டியதுதான். ஆனால் நல்ல தையல்காரர் தைத்த ஜாக்கெட்டை வெளிப்பக்கமாக எவ்வளவு நேரம் பார்த்தாலும் தைக்க வராது. உள்பக்கத்தைத் திருப்பி, எங்கே பிடித்திருக்கிறார், எங்கே விட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். பெரிய எழுத்தில் அந்த உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. அதோடு மரியாதை வேறு குறுக்கே நிற்கும். புகழ்பெற்ற ஒரு கட்டுரை அலுப்புத் தட்டினால், நமக்குத்தான் ரசனை போதவில்லை போல என்று நம்மையே குறை சொல்லிக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுவோம். கூடப் படிப்பவரின் முதல் வரைவில் இந்தச் சிக்கல் இல்லை. பிடிப்புத் தையல், தொங்கும் நூல், கத்தரிக்க மறந்த ஓரம் எல்லாம் வெளியிலேயே தெரியும். அலுத்தால் அலுத்தது என்று சொல்லலாம். எழுதினவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதால், இந்த இடத்தில் நீ என்ன சொல்ல வந்தாய் என்று கேட்கவும் முடியும். எந்த மேதையிடம் போய் அப்படிக் கேட்பது?

ஆசிரியரிடம் கால் பங்கு

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணவன் எப்படிக் கற்க வேண்டும் என்று ஒரு பகுதி வருகிறது. அதில் ஒரு கணக்கு:

'ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும்
காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்'

ஆசிரியர் சொன்னதை முழுசாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குக்கு மேல் வராதாம். அடுத்த நூற்பாவில் மிச்சம் வருகிறது. 'அவ்வினையாளரொடு பயில்வகை ஒருகால்', அதாவது அதே வேலையில் இருப்பவர்களோடு, கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். எடுத்துச் சொல்வதில் மீதி அரை. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது ஆசிரியருக்குக் கால் பங்குதானா என்று வகுப்பே சிரித்தது நினைவிருக்கிறது. இப்போது ஆசிரியர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால், பவணந்தியார் கொஞ்சம் தாராளமாகவே ஒதுக்கியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால், ரோமில் சொல்வன்மை கற்பித்த குவிண்டிலியன் இதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து சொன்னார். ஸ்பெயினில் பிறந்தவர். முதல் நூற்றாண்டின் கடைசியில் அவர் எழுதிய 12 பாகப் பெருநூல், ஒரு பேச்சாளனைக் குழந்தைப் பருவத்திலிருந்து எப்படி வளர்ப்பது என்பதைச் சொல்கிறது. பிள்ளையை வீட்டில் வைத்துத் தனி ஆசிரியரிடம் படிக்க வைப்பதா, பள்ளிக்கு அனுப்புவதா என்று அந்தக் காலத்திலும் வழக்கு இருந்திருக்கிறது. பள்ளிக்கே அனுப்புங்கள் என்கிறார் அவர். வீட்டில் படிக்கிற பிள்ளைக்குத் தன்னிடம் சொல்லப்பட்டது மட்டும்தான் கிடைக்கும். பள்ளியில் இருக்கிறவன், மற்றவர்கள் எழுதியதில் எது பாராட்டப்படுகிறது, எது திருத்தப்படுகிறது என்று தினமும் கேட்டுக்கொண்டே இருப்பான்.

அதே இடத்தில் ஓர் உவமை சொல்கிறார். மரத்தில் ஏற்றிவிட்ட திராட்சைக்கொடி முதலில் தாழ்ந்த கிளைகளைப் பற்றிக்கொண்டுதான் உச்சிக்குப் போகும். அதுபோலத் தொடக்கத்தில் பிள்ளைகள் ஆசிரியரை எட்டிப் பிடிக்க மாட்டார்கள், அவர்களுக்கு எட்டுவது கூடப் படிக்கிறவர்கள்தான். நம் ஊர்ப் பாகற்கொடியும் பந்தலில் அப்படித்தானே ஏறுகிறது.

ஒரு கடிதமும் மூன்று கருத்துகளும்

எடுத்துக்காட்டு இல்லாமல் இதைப் பேசிக்கொண்டே போனால் நானும் முதல் வருடக் கட்டுரைக்குத் திரும்பிவிடுவேன். எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஒரு மாணவி கொண்டுவந்த கடிதம் இது. அவள் படிக்கும் கல்லூரியின் முதல்வருக்கு எழுதியது.

'மதிப்பிற்குரிய ஐயா, கல்வியே மனிதனின் மூன்றாவது கண். நூலகம் என்பது அறிவின் கோயில். இன்றைய அவசர உலகில் மாணவர்கள் பல சிரமங்களைச் சந்தித்து வருகிறார்கள். நமது நூலகம் மாலை 5 மணிக்கே மூடப்படுகிறது. இது பெரிய அநியாயம். மாணவர்களின் எதிர்காலத்தோடு விளையாட வேண்டாம். நூலகத்தைத் தினமும் இரவு 8 மணி வரை திறந்து வைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.'

மூன்று பேர் படித்தார்கள். முதலாமவர் கீழே எழுதியது: 'அருமை! சூப்பர்!' இரண்டாமவர் பேனாவை எடுத்து ஒரு நிறுத்தக்குறியைத் திருத்தினார், 'வலியுறுத்துகிறோம்' என்பதை வெட்டிவிட்டுத் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று தானே எழுதினார். மூன்றாவதாகப் படித்த பெண் வகுப்பில் புதிது, தயங்கித் தயங்கி இப்படி எழுதினாள்:

'முதல் மூன்று வரி படிக்கும்போது இது எதைப் பற்றிய கடிதம் என்று தெரியவில்லை. நாலாவது வரியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விளையாட வேண்டாம் என்று வந்ததும், நான் முதல்வராக இருந்தால் கடிதத்தை மடித்து வைத்திருப்பேன். உங்கள் வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது? அது எங்கேயும் இல்லையே. 8 மணி வரை திறந்து வைத்தால் நூலகர் எப்போது வீட்டுக்குப் போவார்?'

அந்தப் பெண்ணுக்கு ஈதோஸ், பாத்தோஸ் என்ற சொற்கள் அப்போது தெரியாது. ஆனால் அவள் எழுதிய ஆறு வரிக்குள் இந்தக் கலையின் பாதி இருக்கிறது. எப்படி என்று பிரித்துப் பார்க்கலாம்.

'மடித்து வைத்திருப்பேன்' என்றாளே, அது கேட்பவரின் மனநிலையைப் பற்றியது. முதல்வரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு அவரிடமே உதவி கேட்டால் என்ன நடக்கும் என்பதை அவள் தன் உடம்பில் உணர்ந்து சொல்லிவிட்டாள். 'எத்தனை மணிக்கு முடிகிறது' என்ற கேள்வி காரணத்தைப் பற்றியது. 5 மணிக்கு மூடுவது ஏன் தொல்லை என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. 5 மணி என்றாலே அநியாயம் என்று எழுதியவளுக்குத் தெரியும், ஏனென்றால் அவள் தினமும் பூட்டிய கதவின் முன்னால் நிற்கிறாள். முதல்வர் நிற்பதில்லை. நூலகர் பற்றிய கேள்வி, எழுதியவள் மேல் வரும் நம்பிக்கையைத் தொடுகிறது. மறுபக்கத்தின் சிரமத்தையும் யோசித்த ஆள் கேட்கிறாள் என்றால் அந்தக் கோரிக்கைக்கு ஒரு கனம் வரும்.

இன்னொரு கோணமும் உண்டு. 1968இல் அமெரிக்காவில் லாயிட் பிட்சர் என்ற பேராசிரியர் எழுதிய ஒரு கட்டுரை, எந்தப் பேச்சும் ஒரு சூழலுக்குப் பதிலாகத்தான் பிறக்கிறது என்று வாதிட்டது. அந்தச் சூழலில் மூன்று விஷயம் பார்க்கச் சொன்னார். உடனே சரிசெய்ய வேண்டிய ஒரு குறை. அதைச் சரிசெய்யக் கூடிய நிலையில் இருக்கும் ஆள். அந்த ஆளின் கையைக் கட்டி வைத்திருக்கும் கட்டுகள். படிக்கிற எல்லாரும் நம் 'அவை', அதாவது நாம் பேசுவது யாரிடமோ அவர்கள், கிடையாது; மாற்றத்தைக் கொண்டுவர முடிகிறவர்தான் அவை என்பது அவர் சொன்னதில் முக்கியமானது. மாணவியின் முதல் வரைவு யாருக்கு எழுதியது என்று பாருங்கள். மேலே முதல்வர் பெயர் இருக்கிறது, ஆனால் 'விளையாட வேண்டாம்' என்ற வரி கைதட்டப் போகும் வகுப்புத் தோழர்களுக்கு எழுதியது. பட்டிமன்ற வரி. மேடையில் அது நன்றாகவே வேலை செய்திருக்கும்.

முதல் மூன்று வரி எங்கிருந்து வந்தது என்பது தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் தெரியும். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று பரீட்சைக்கு எழுதிப் பழகிய கை, முதலில் ஒரு பொன்மொழியை வைக்காமல் நகராது. திருத்துகிறவர் மதிப்பெண் போடுவார் என்ற சூழலுக்கு அது பொருத்தமான உத்தியாகவே இருந்தது. சூழல் மாறியது, கை மாறவில்லை. ஒரு மாணவனின் எழுத்தை மட்டம் தட்டாமல் இதைப் புரியவைக்க வேண்டும் என்றால், நீ எழுதியது தப்பு என்று சொல்வதைவிட, இது வேறு யாருக்கோ எழுதியது போல இருக்கிறது என்று சொல்வது மேல்.

அடுத்த வாரம் அவள் கொண்டுவந்தது இது:

'ஐயா, எங்கள் இயற்பியல் ஆய்வக வகுப்பு செவ்வாயும் வியாழனும் 4.30க்கு முடிகிறது. நூலகம் 5 மணிக்கு மூடுகிறது. வீட்டுக்கு எடுத்துப் போக முடியாத புத்தகங்களை அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் 40 பேரும் பார்க்க வேண்டியிருக்கிறது. தினமும் நேரத்தை நீட்டிப்பது நூலகப் பணியாளர்களுக்குச் சிரமம் என்று தெரியும். தேர்வுக்கு முந்தைய 6 வாரம், இந்த இரண்டு நாள் மட்டும், வாசிப்பறையை 7 மணி வரை திறந்து வைக்க முடியுமா? புத்தகம் வாங்குவதும் கொடுப்பதும் 5 மணியோடு முடிந்துவிடட்டும்.'

கோரிக்கை சுருங்கிவிட்டது, கடிதம் வலுத்துவிட்டது. அநியாயம் என்ற சொல் போய்விட்டது. ஆனால் அரை மணி நேரத்தில் 40 பேர் என்று படிக்கிறவருக்கு அந்தச் சொல் தானாகவே தோன்றும். எனக்குக் கடைசி வரி ரொம்பப் பிடித்தது. மறுப்பதற்கு அவர் தேடக் கூடிய காரணத்தை இவளே முன்கூட்டி எடுத்துவிட்டாள். முதல் வரைவில் இல்லாத அந்த யோசனை, நூலகர் எப்போது வீட்டுக்குப் போவார் என்ற கேள்வியிலிருந்து முளைத்தது.

கருத்து எழுதுவது எப்படி

மேலே மூன்று கருத்துகளைப் பார்த்தோம். இரண்டாமவர் செய்தது உதவி மாதிரி தெரியும். ஆனால் 'தாழ்மையுடன்' என்று அவர் எழுதியது அவருடைய கடிதம். அடுத்தவர் நோட்டில் நம் வாக்கியத்தை எழுதிவிட்டால், எழுதியவருக்குத் திருத்தம் கிடைக்கும், காரணம் கிடைக்காது. புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பேனாவைக் கீழே வைக்கச் சொல்வேன். சந்திப்பிழையும் நிறுத்தக்குறியும் கடைசி வரைவு வரை காத்திருக்கும், ஓடிப்போகாது.

பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் 1973இல் ஆசிரியரே இல்லாத எழுத்து வகுப்பு ஒன்றை எப்படி நடத்துவது என்று ஒரு நூல் எழுதினார். ஏழிலிருந்து பன்னிரண்டு பேர், வாரம் ஒரு முறையாவது கூட வேண்டும், எல்லாரும் எல்லாருடையதையும் படிக்க வேண்டும். படித்தவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, படிக்கும்போது மனத்துக்குள் ஓடிய படத்தைச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். எந்தச் சொல் ஒட்டிக்கொண்டது, எந்த இடம் கனமில்லாமல் போனது என்று சுட்டு. மொத்தத்தில் உனக்கு எட்டியது என்ன என்று சுருக்கிச் சொல். முதல் வரியில் என்ன நினைத்தாய், அப்புறம் என்ன ஆயிற்று என்று வரிசையாகச் சொல். எழுதினவருக்கும் ஒரு விதி உண்டு: வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். நான் சொல்ல வந்தது அது இல்லை என்று விளக்க ஆரம்பித்தால், வாசகர் உடனே உன் பக்கம் சாய்ந்துவிடுவார். கடிதம் தபாலில் போன பிறகு நீ கூடவே போய் விளக்க முடியாது.

இந்த முறையின் அழகு, இதற்குப் புலமை தேவையில்லை என்பது. நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று சொல்ல யாருக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டாம். அது தவறாக இருக்கவும் முடியாது, ஏனென்றால் அது நடந்தது. அதே சமயம் அங்கேயே நின்றுவிட்டால் போதாது என்பது என் எண்ணம். நிமிர்ந்தது ஏன் என்று ஓர் அடி எடுத்து வைக்கும்போதுதான் படிக்கிறவரும் மாணவர் ஆகிறார்.

அந்த இரண்டாவது அடிக்குச் சொற்கள் வேண்டும். எங்கள் வகுப்பில் நன்னூலையே திறந்துவிட்டோம். நூலுக்கு வரக் கூடாத குற்றங்கள் பத்து என்று பவணந்தியார் ஒரு பட்டியல் தருகிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று தொடங்கும். அதில் 'வெற்றெனத் தொடுத்தல்' என்று ஒன்று, பொருளில்லாத சொற்களைக் கோத்துக்கொண்டே போவது. மூன்றாவது கண்ணும் அறிவின் கோயிலும் அந்தக் கணக்கில் வரும். 'மற்றொன்று விரித்தல்', சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'சென்று தேய்ந்து இறுதல்'. பலமாகத் தொடங்கி, போகப் போகத் தேய்ந்து, எங்கேயோ காணாமல் போவது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு, எனக்கும் உண்டு. இப்போது ஓரத்தில் 'செ.தே.' என்று சுருக்கி எழுதிவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு எந்த வரியிலிருந்து தேயத் தொடங்கியது என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. பெயர் மட்டும் வைத்துவிட்டுப் போனால் அதுவும் சிவப்பு மைதான்.

சிவப்பு மை பற்றி ஒரு தகவல். எழுத்துப் பயிற்சியை ஆராய்ந்த நான்சி சாமர்ஸ் என்பவர் 1982இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, அமெரிக்காவின் இரண்டு பல்கலைக்கழகங்களில் 35 ஆசிரியர்கள் மாணவர் கட்டுரைகளில் எழுதிய குறிப்புகளை ஆராய்ந்தது. பெரும்பாலான குறிப்புகள் எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற ரப்பர் ஸ்டாம்ப் குறிப்புகளாக இருந்தன என்று அதில் எழுதினார். இதைப் படித்தபோது 'இன்னும் அழுத்தமாக எழுதவும்' நினைவுக்கு வந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இதிலிருந்து வகுப்புக்கு ஒரு சோதனை கிடைத்தது. நீங்கள் எழுதிய கருத்தை எடுத்து வேறொருவர் கட்டுரைக்குக் கீழே ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் பொருந்துகிறதா? அப்படியென்றால் நீங்கள் இன்னும் படிக்கவில்லை.

கைதட்டல் தொல்லை

'அருமை! சூப்பர்!' என்று எழுதியவரை விட்டுவிட்டேன். அவர் நல்ல மனிதர். நாளைக்குத் தன் நோட்டு சுற்றில் வரும்போது பதிலுக்கு ஓர் 'அருமை' கிடைக்கும் என்றும் அவருக்குத் தெரியும். கல்யாண வீட்டு மொய் மாதிரி.

குவிண்டிலியன் காலத்து வகுப்புகளிலும் இதே மொய் நடந்திருக்கிறது. ஒரு மாணவன் பேசி முடித்ததும் மற்றவர்கள் இருக்கையிலிருந்து துள்ளி எழுந்து ஆரவாரம் செய்வதும், எதைச் சொன்னாலும் ஒருவரையொருவர் மாறி மாறிப் புகழ்வதும் வழக்கமாக இருந்திருக்கிறது. மனிதருக்கு எரிச்சல். இது நாடக அரங்குத்தனம் என்கிறார், படிப்புக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது என்கிறார். வாய்க்கு வந்ததைக் கொட்டினாலே புகழ் தயாராக இருக்கும்போது எவன் மெனக்கெடுவான் என்பது அவர் கேள்வி. பாராட்டவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 'புத்தகம் வாங்குவதும் கொடுப்பதும் 5 மணியோடு முடிந்துவிடட்டும் என்ற வரியில் எனக்கு இனி மறுக்க வழியில்லை என்று தோன்றியது' என்பதும் பாராட்டுதான். எழுதியவள் அந்த வித்தையை அடுத்த கடிதத்தில் தெரிந்தே செய்வாள். சூப்பரை வைத்துக்கொண்டு எதைத் திரும்பச் செய்வது?

யாருக்கு லாபம்

கருத்து வாங்குகிறவருக்குத்தான் இதில் லாபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் மாதம் தங்கள் நோட்டு எப்போது சுற்றுக்கு வரும் என்றே காத்திருப்பார்கள். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராம், வெண்டி பேக்கர் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் 91 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் மற்றவர் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல மட்டும் பழகினார்கள். இன்னொரு பகுதியினர் கருத்துகளைப் பயன்படுத்தித் திருத்த மட்டும் பழகினார்கள். பருவ முடிவில் சொந்த எழுத்தில் அதிகம் முன்னேறியிருந்தவர்கள் கருத்துச் சொன்னவர்கள். அவர்களிலும் மொழியில் கீழ்ப்படியில் இருந்தவர்கள் மேல்படிக்காரர்களைவிட அதிகம் ஏறினார்கள். இலக்கணம் போன்ற சின்ன விஷயங்களைவிட, அமைப்பு, கருத்து வளர்ச்சி போன்ற பெரிய விஷயங்களில் முன்னேற்றம் சற்றே கூடுதலாக இருந்தது.

பவணந்தியார் எடுத்துச் சொல்வதற்கு அரைப் பங்கு ஒதுக்கியது இங்கே நினைவுக்கு வருகிறது. அவர் மனத்தில் இருந்தது பாடம் சொல்வது. அடுத்தவர் எழுத்து ஏன் தேய்ந்தது என்று அவருக்கே விளக்குவதும் அந்த அரையில் ஒரு பகுதி என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. இரண்டு பேர் நேர்மாறாகச் சொல்வார்கள். ஒருவருக்கு உருக்கமாக இருந்தது, மற்றவருக்கு நாடகமாக இருந்தது. புதிதாக எழுதுகிறவர் திணறிப்போய், யார் சொன்னது சரி சார் என்று என்னைப் பார்ப்பார். இரண்டும் நடந்திருக்கிறது, உங்கள் கடிதம் அந்த இரண்டு பேரில் யார் கைக்குப் போகப் போகிறது என்பேன். அவை என்ற சொல்லின் அர்த்தம் அன்றைக்கு அவருக்கு விளங்கும். இன்னொன்று, மனம் புண்படுவது. நெருங்கிய நண்பர்களை ஒருவருக்கொருவர் முதலில் ஜோடி சேர்க்காமல் இருப்பது நல்லது, அவர்கள் ஒன்று மொய் எழுதுவார்கள், இல்லையென்றால் பழைய கணக்கைத் தீர்ப்பார்கள். சொந்தத் துயரத்தை எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் அவசரப்பட்டு உத்தி பேசக் கூடாது. இதற்கெல்லாம் பெரிய சூத்திரம் கிடையாது, நாள்பட நாள்படக் குழுவே பழகிக்கொள்ளும்.

நூலகக் கடிதத்துக்கு மூன்றாவதாகக் கருத்து எழுதிய பெண்ணின் முறை இரண்டு வாரம் கழித்து வந்தது. அவள் தெருவில் எரியாத விளக்கைப் பற்றி வார்டு அலுவலகத்துக்கு ஒரு மனு. நோட்டை எடுத்துக்கொண்டு வந்தவள், சுற்றுக்கு விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். "ஒரு நிமிஷம் சார்" என்று பேனாவைத் திறந்து முதல் இரண்டு வரிகளைத் தானே அடித்துவிட்டுக் கொடுத்தாள். வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் இன்னும் ஒரு 'இருளை நீக்கும் ஒளி' மிச்சம் இருந்தது. அதை அவளிடம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் நூலகக் கடிதம் எழுதிய பெண் நோட்டை வாங்கி, பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டு, ஓரத்தில் எழுதத் தொடங்கியிருந்தாள்.